இரும்பு குளிரும், ரப்பர் சுடும்

நாசி லெமாக் பொட்டலத்தைச் சுற்றி வரும் ரப்பர் பேண்டை இனிமேல் தூக்கிப் போடாதீர்கள். கொஞ்சம் அகலமானதாக இருந்தால் இன்னும் நல்லது. இரண்டு கையாலும் பிடித்து, நடுப்பகுதி மேலுதட்டில் லேசாகத் தொடும்படி வைத்து, சட்டென்று இழுங்கள். உதட்டில் இளஞ்சூடு தெரியும். இழுத்தபடியே அரை நிமிடம் வைத்திருந்துவிட்டுத் தளரவிடுங்கள். இப்போது அதே இடம் குளிரும்.

இதை முதலில் எழுதிவைத்தவர் வட இங்கிலாந்தின் கெண்டல் என்ற சிற்றூரில் இருந்த ஜான் காஃப். மூன்று வயது ஆவதற்குள் பெரியம்மையில் பார்வை போய்விட்டது அவருக்கு. செடிகளைத் தொட்டும், நாக்கில் வைத்தும் இனம் சொல்வாராம். அணுக் கொள்கைக்குப் பெயர்பெற்ற ஜான் டால்டன் அவரிடம் பாடம் கேட்டவர். ரப்பர் பற்றிய காஃபின் கட்டுரை 1805-ல் மான்செஸ்டர் இலக்கிய, தத்துவக் கழகத்தின் இதழில் வந்தது. எடை தொங்கவிட்ட ரப்பரைச் சூடாக்கினால் அது நீளாமல் சுருங்கும் என்பதும் அதே கட்டுரையில் இருக்கிறது. வெப்பமானி எதுவும் வேண்டியிருக்கவில்லை. கண் தெரியாத ஒருவரின் உதடு போதுமாக இருந்தது.

இரும்பில் இதையே செய்து பாருங்கள் என்று சொல்ல முடியாது. இரும்புக் கம்பியையும் இழுத்தால் வெப்பநிலை மாறத்தான் செய்கிறது. ஆனால் எதிர்ப்பக்கமாக, குளிர்ச்சியை நோக்கி. அதுவும் எந்த உதட்டுக்கும் தெரியாத அளவுக்கு. இந்தக் கட்டுரை அந்தச் சின்னக் குளிர்ச்சியைப் பற்றியது. பினாங்கில் உட்கார்ந்துகொண்டு இதை ஏன் எழுத வேண்டும் என்று கேட்பீர்கள். போகப்போகச் சொல்கிறேன்.

*

கம்பி குளிருமா சுடுமா என்பதை முதலில் கணக்கில் கண்டவர் கிளாஸ்கோவில் பேராசிரியராக இருந்த வில்லியம் தாம்சன். பின்னால் கெல்வின் பிரபு ஆனவர். வெப்பம் என்பது ஒரு திரவம் அல்ல, அது ஆற்றலின் ஒரு வடிவம் என்ற கருத்து அப்போதுதான் காலூன்றிக்கொண்டிருந்தது. அந்தப் புதுக் கருத்து சரி என்றால் திடப்பொருள்களுக்கும் அது செல்ல வேண்டும் அல்லவா? 1850-களின் நடுவில் தாம்சன் போட்ட கணக்கு அதைத்தான் கேட்டது.

சூத்திரத்தை விட்டுவிட்டு இப்படிப் புரிந்துகொள்ளலாம். இரும்புக்குச் சூடு கொடுத்தால் நீளும். அதாவது நீள்வதும் சூட்டை உள்ளிழுப்பதும் அதற்கு ஒன்றாகச் சேர்ந்தே நடக்கிற காரியங்கள். இப்போது சூடு கொடுக்காமல், கையால் பிடித்து நீட்டுகிறீர்கள். நீளத்தான் வேண்டும், சூடு தருவார் யாருமில்லை. அப்போது தன்னிடம் இருக்கிற சூட்டையே எடுத்துச் செலவழிக்கிறது. அதனால் குளிர்கிறது. இழுத்து வைத்த ரப்பரோ சூடு பட்டால் சுருங்கும் ஜாதி. அதை நீட்டினால் எதிராகத்தானே நடக்க வேண்டும்? சூட்டை வெளியே தள்ளுகிறது.

இதைச் சோதித்துக் காட்டியவர் ஜேம்ஸ் ஜூல். பேராசிரியர் இல்லை. மான்செஸ்டரை ஒட்டிய சால்ஃபோர்டில் பீர் காய்ச்சும் குடும்பத்துப் பிள்ளை. காய்ச்சுகிற தொழிலில் கால் டிகிரியும் முக்கியம் என்பதால் அவருக்கு வெப்பமானி கைவந்திருந்தது என்று சொல்வதுண்டு. எனக்கு அந்த விளக்கம் கொஞ்சம் வசதியாகச் செய்ததுபோலத் தோன்றும். எப்படியோ, கம்பியோடு வெப்பமின் இணைப்பு ஒன்றைச் சேர்த்து, கால்வனாமீட்டர் ஊசியின் அசைவைப் பார்த்துக்கொண்டு எடையை ஏற்றினார். கால் அங்குலக் குறுக்களவுள்ள இரும்புக் கம்பி. எடை 775 பவுண்டு, ஏறக்குறைய 350 கிலோ. கம்பி எட்டில் ஒரு டிகிரி குளிர்ந்தது. எடையை எடுத்ததும் அதே அளவு சூடேறியது. வார்ப்பிரும்பு, கெட்டி எஃகு, செம்பு, காரீயம் எல்லாம் இப்படியே. தாம்சனின் கணக்குக்கு மிக நெருக்கமாக வந்தது.

அந்தக் கணக்கை இன்றைய எண்களை வைத்து நானும் போட்டுப் பார்த்தேன். எஃகில் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 100 நியூட்டன் இழுவிசை கொடுத்தால் சுமார் பத்தில் ஒரு டிகிரி குளிரும். ஜூலின் கம்பியில் இருந்த இழுவிசை இதைவிடச் சற்று அதிகம். 170 ஆண்டுகளுக்கு முன் ஊசி ஆடுவதைப் பார்த்து அவர் எழுதிவைத்த எட்டில் ஒன்று, இந்தக் கணக்குக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. எனக்கு அது இன்னும் வியப்புதான்.

ஜூல் இந்த முடிவுகளை ராயல் சொசைட்டிக்கு அனுப்பியது 1857-ல். நமக்கு 1857 என்றால் சிப்பாய்கள்தான் நினைவுக்கு வருவார்கள். பினாங்கும் அப்போது கிழக்கிந்தியக் கம்பெனியின் கையில், கல்கத்தாவின் கீழ்தான் இருந்தது. ஆனால் ஜூலின் மேசைமேல் இந்தப் பக்கத்துச் சரக்கு ஒன்றும் இருந்தது. உலோகங்களோடு சேர்த்து அவர் இழுத்துப் பார்த்த பொருள்களில் கட்டாபெர்ச்சாவும் ஒன்று.

*

கெத்தா பெர்ச்சா. மலாய்ச் சொல். கெத்தா என்றால் மரத்துப் பால். மலேசியாவில் இன்றும் ரப்பருக்கு அதுதான் பெயர். கட்டாபெர்ச்சா ரப்பர் அல்ல. தாபான் என்று மலாய்க்காரர்கள் சொல்லும் காட்டு மரத்தின் பால். வெந்நீரில் போட்டால் களிமண்போல இளகும், ஆறினால் கெட்டியாகிவிடும். மலாய்க்காரர்கள் பாராங் கத்திக்கு இதில் கைப்பிடி போட்டார்கள். அதைச் சிங்கப்பூரில் பார்த்த மருத்துவர் வில்லியம் மாண்ட்கோமரி 1840-களில் மாதிரிகளை லண்டனுக்கு அனுப்பினார். உப்புத் தண்ணீரில் கெடாது, மின்சாரத்தைக் கசியவிடாது என்பது தெரிந்ததும் கடலடித் தந்திக்கு இதைவிட்டால் வேறு கதியில்லை என்றாகிவிட்டது. ஒரு மரத்தில் கிடைப்பது கொஞ்சம் பால். அதற்காக மரத்தையே வெட்டிச் சாய்த்தார்கள். தாபான் காடுகள் அப்படித்தான் போயின.

ஜூலின் சோதனையில் கட்டாபெர்ச்சா இரும்பின் கட்சியில் நின்றது, இழுத்தால் குளிர்ந்தது. கந்தகம் சேர்த்துப் பக்குவப்படுத்திய பிரேசில் ரப்பர் மட்டும் எதிர்க்கட்சி. அப்படி ஆகலாம் என்று தாம்சன் முன்பே கோடி காட்டியிருந்தார். ஜூலின் முடிவு வந்ததும், அந்த ரப்பர் எடையோடு தொங்கும்போது சூடாக்கினால் சுருங்குகிறதா பாருங்கள் என்றார். இரண்டு மடங்கு நீண்டு தொங்கிய ரப்பரை 50 டிகிரி சூடேற்றினார் ஜூல். நீளத்தில் பத்தில் ஒரு பங்கு குறைந்தது. காஃப் அரை நூற்றாண்டுக்கு முன் எழுதியதுதான்.

அதே 1857 ஆகஸ்டில் அட்லாண்டிக் கடலுக்கடியில் முதல் தந்திக் கம்பியை இறக்கினார்கள். செம்புக் கம்பி, அதன்மேல் கட்டாபெர்ச்சா, அதன்மேல் முறுக்கிய இரும்புக் கம்பிக் கவசம். ஜூல் இழுத்துப் பார்த்த மூன்று பொருள்கள் ஒரே வடத்தில். 2 மைலுக்கும் அதிகமான ஆழத்தில் அதன் கனமே அதை இழுத்துக்கொண்டிருந்தபோது, கப்பலில் பிரேக்கை அழுத்திப் பிடித்துவிட்டார்கள். வடம் அறுந்து போய்விட்டது. அந்தப் பயணத்தில் இன்னொரு கப்பலில் இருந்தவர் தாம்சன்.

1870-71-ல் அந்த மாதிரி வடம் ஒன்று சென்னையிலிருந்து வங்காள விரிகுடாவைக் கடந்து பினாங்குக்கும், இங்கிருந்து சிங்கப்பூருக்கும் வந்தது. நாகப்பட்டினத்திலிருந்து கப்பலேறிய ஆட்கள் பல நாள் அலையில் கிடந்து வந்து சேர்ந்த அதே கடல்தான். சரக்கு விலையும் வட்டி விகிதமும் அடியில் ஓடின, மேலே ஆட்கள் வந்தார்கள். இரண்டும் ஜார்ஜ்டவுனில் கரையேறின.

*

இனி இந்த ஊர் இரும்பைப் பற்றி.

கொடிமலைக்கு ரயிலில் போயிருப்பீர்கள். 1900-களின் தொடக்கத்தில் முதலில் ஒரு ரயில் கட்டிப் பார்த்து, அது சரியாக ஓடாமல் கைவிட்டார்கள். இரண்டாம் முயற்சியில் 1923-ல் ஓடத் தொடங்கியது. வழியில் இறங்கி வேறு பெட்டிக்கு மாற வேண்டியிருந்த அந்தப் பழைய ரயிலை எங்கள் வயதுக்காரர்கள் மறக்க மாட்டோம். 2011-லிருந்து மாறாமல் ஒரே மூச்சில் போகிறது. பாதை சுமார் 2 கிலோமீட்டர். பெட்டிக்குள் எஞ்சின் கிடையாது, மேலே இருந்து எஃகு வடம் இழுக்கிறது.

இவ்வளவு நீள வடத்தில் நான் சொன்ன அந்த 100 நியூட்டன் கணக்கைப் போட்டால் என்ன ஆகும்? முழு எஃகுக் கம்பியாக இருந்தால் 2 கிலோமீட்டருக்கு 1 மீட்டர் நீளும். முறுக்கிய வடம் அதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே இளகிக் கொடுக்கும். வெப்பநிலை மாற்றமோ பத்தில் ஒரு டிகிரிதான். நீங்கள் ஏறினால் வடம் குளிர்கிறது, இறங்கினால் பழையபடி ஆகிறது. ஆனால் மலையடிவாரத்து வெயில், கப்பியின் உராய்வு, சாரல் மழை எல்லாம் சேர்ந்து அந்தச் சின்ன மாற்றத்தை அமுக்கிவிடும். நடக்கிறது என்பது நிச்சயம், தெரியாது என்பதும் நிச்சயம்.

குளிர்வது ஒரு கட்டம் வரைக்கும்தான். விட்டால் பழைய நீளத்துக்குத் திரும்புகிறவரை உலோகம் குளிரும். அந்த எல்லையைத் தாண்டி, திரும்ப முடியாதபடி நீளத் தொடங்கியதும் கதை தலைகீழாகும். குளிர்ந்துகொண்டு வந்த கம்பி சூடேற ஆரம்பிக்கும். 1925-ல் ஃபேரன், ஜி. ஐ. டெய்லர் என்ற இருவர் இதை அளந்தார்கள். உலோகத்தை அப்படி நிரந்தரமாக நீட்டச் செலவழிக்கும் உழைப்பில் ஏறக்குறைய 90 விழுக்காடு சூடாகவே வெளியே வருகிறது. எஃகில் கொஞ்சம் குறைவு, அலுமினியத்தில் கொஞ்சம் கூட. மிச்சம் உலோகத்துக்குள் கோளாறாகத் தங்கிவிடுகிறது.

படிக்கிற காலத்தில் இழுவிசைச் சோதனை செய்திருக்கிறேன். எஃகுத் துண்டை இரண்டு பக்கமும் கவ்விக்கொண்டு இயந்திரம் மெதுவாக இழுக்கும். நடுவில் கழுத்துபோலச் சிறுத்து, டப்பென்று சத்தத்தோடு அறும். அறுந்த முனையைத் தொட்டால் சுடும். எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் அந்தச் சூட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. வரைபடத்தில் விசை இருந்தது, நீளம் இருந்தது. சூட்டுக்குக் கோடு இல்லை. 1857-க்கு முன்னால் படித்த மாதிரிதான்.

இந்த மாற்றத்தைக் கண்ணால் பார்க்க முடிந்தது வெகு பின்னால். 1978-ல் பிரிட்டனில் மவுண்டன், வெப்பர் என்ற இருவர் ஒரு முறையை வெளியிட்டார்கள். பொருளைத் திரும்பத் திரும்ப இழுத்து விடுவது, அதன் மேற்பரப்பிலிருந்து வரும் அகச்சிவப்புக் கதிரை அந்தத் தாளத்தோடு சேர்த்துப் படிப்பது. ஆயிரத்தில் ஒரு டிகிரி வரைக்கும் பிடிக்கலாம். எங்கே விசை குவிகிறதோ அந்த இடம் படத்தில் தனியாகத் தெரியும். விமானப் பாகங்களுக்கும் கார் பாகங்களுக்கும் இது பயன்பட்டது.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நினைவு போவது 1988 ஜூலை 31-க்கு. பட்டர்வொர்த் ஃபெரி முனையத்தில் கூட்டம் தாங்காமல் கட்டுமானம் இடிந்து 32 பேர் இறந்த நாள். புக்கிட் மெர்தாஜாமில் புனித அன்னாள் திருவிழா, தீவில் சீனர்களின் குவான் யின் விழா, இரண்டும் ஒரே நேரத்தில். அகச்சிவப்புக் கருவி இருந்திருந்தால் காப்பாற்றியிருக்கும் என்றெல்லாம் சொல்ல மாட்டேன். கூட்டத்தை எண்ணாத இடத்தில் டிகிரியை யார் எண்ணப்போகிறார்கள்?

*

இரும்பு இழுத்தால் ஏன் குளிர்கிறது என்பதற்கு 1850-களிலேயே கணக்கு வந்துவிட்டது. ரப்பர் உள்ளுக்குள் ஏன் எதிராக நடக்கிறது என்பது புரிய 1930-கள் ஆயின. ரப்பரின் மூலக்கூறுகள் நீளச் சங்கிலிகள். மேசையில் கொட்டிய மீ மாதிரி தாறுமாறாகக் கிடப்பதுதான் அவற்றின் இயல்பு. இழுத்தால் வரிசையில் நிற்கின்றன. சூடு கொடுத்தால் அதிகமாக உதறிக்கொண்டு பழைய கலைசலுக்கு ஓடப் பார்க்கின்றன, அதனால்தான் சுருக்கம். மேயர், கூன், கூத், மார்க் என்று ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் இதை எழுதினார்கள்.

இதைச் சோதித்து நிலைநிறுத்திய பெரிய வேலை நடந்த இடங்களில் ஒன்று, 1938-ல் தொடங்கிய பிரிட்டிஷ் ரப்பர் உற்பத்தியாளர் ஆராய்ச்சிக் கழகம். இங்கிலாந்தில் வெல்வின் கார்டன் சிட்டியில் இருந்தது. அங்கே வேலை செய்த டிரிலோவர் 1949-ல் எழுதிய ரப்பர் இயற்பியல் புத்தகம் இன்றைக்கும் பாடநூல். காஃபும் ஜூலும் அதில் வருகிறார்கள். ஆராய்ச்சிக்குப் பணம் எங்கிருந்து வந்தது? ரப்பர் ஏற்றுமதிமேல் போட்ட தீர்வையிலிருந்து. ரப்பர் பெரும்பாலும் எங்கிருந்து போனது? மலாயாவிலிருந்து. வெட்டியவர்கள் யார்?

அதே 1938-ல்தான் இந்திய அரசு மலாயாவுக்குத் தொழிலாளர் அனுப்புவதை நிறுத்தியது. கங்காணி முறைக்கு அதோடு முடிவு. வந்தவர்கள் வந்தவர்கள்தான். காலையில் பெரட்டுக்களத்தில் நின்று பேர் கொடுத்து, உளியும் வாளியுமாக நிரைக்குள் போனார்கள்.

எங்கள் தாமானில் ஒரு பாட்டி இருக்கிறார். செபராங் பிறை பக்கத்துத் தோட்டத்தில் 30 வருடத்துக்கு மேல் மரம் வெட்டியவர். இந்தக் கட்டுரைக்காகப் போய்க் கேட்டேன்.

“பாட்டி, ஒட்டுப்பால இழுத்து உரிப்பீங்கள்ல, அப்ப கையில சூடா இருக்குமா?”

என்னை ஒரு மாதிரி பார்த்தார். “இருக்கும்தான். அதுக்கு என்ன இப்ப?”

“இல்ல பாட்டி, வெள்ளைக்காரங்க அத 200 வருசத்துக்கு முன்னாடி ஆராய்ச்சி பண்ணிருக்காங்க.”

“நாங்க தெனமும் பண்ணோம் தம்பி. எங்கள யாரு கேட்டா? மங்கு கட்டுற கம்பி தெரியுமா? அத அறுக்க கத்தரி கெடையாது. இப்படி அப்படி மடக்கி மடக்கி ஒடைக்கணும். அது சுடும் பாரு, வெரலு கொப்பளிச்சிரும். அதயும் எழுதிக்க.”

எழுதிக்கொண்டேன். ஃபேரனும் டெய்லரும் 1925-ல் அளந்தது இந்தச் சூட்டைத்தான். பாட்டி சொன்னது மடக்கும் கம்பி, அவர்கள் அளந்தது இழுத்த கம்பி. உலோகம் திரும்பி வர முடியாத எல்லையைத் தாண்டினால் இரண்டிலும் ஒரே கணக்குதான்.

கண் தெரியாத ஒருவர் உதட்டில் வைத்து உணர்ந்ததை அறிவியல் வரலாறு பெயரோடு வைத்திருக்கிறது. காஃப்-ஜூல் விளைவு என்றே சொல்கிறார்கள். நல்லதுதான், அவருக்குச் சேர வேண்டிய பெயர். லட்சக்கணக்கான விரல்கள் அதையே தினமும் உணர்ந்ததற்கு ஒரு வரிகூட இல்லை. உணர்ந்ததாலேயே அது அறிவியல் ஆகிவிடாது, எழுதிவைத்து எடை தொங்கவிட்டுப் பார்க்க வேண்டும் என்று நண்பர் ஒருவர் வாதாடினார். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எழுதவும் எடை தொங்கவிடவும் நேரம் யாருக்கு இருந்தது, அந்த நேரத்துக்குக் கூலி எங்கிருந்து போனது என்பதும் அதே வரலாற்றில் வர வேண்டிய செய்தி. தமிழில் தோட்ட வாழ்க்கையை எழுதிய கதைகள் நம்மிடம் நிறைய. ரப்பரை ஒரு பொருளாக, அதன் இயல்பை, அதன் சூட்டை எழுதியது குறைவு. வேர்வையும் கண்ணீரும் எழுதிய கைக்கு அந்தச் சூடு மட்டும் ஏன் தட்டுப்படவில்லை என்று யோசித்திருக்கிறேன்.

*

பினாங்கின் முதல் பாலம் 1985-ல் திறந்தது. நடுவில் 225 மீட்டர் இடைவெளியை எஃகு வடங்கள் தாங்குகின்றன. இரண்டாவது பாலம் 2014 மார்ச் 1-ல் திறந்தது, மொத்தம் 24 கிலோமீட்டர். தீவில் பத்து மாவுங்கில் ஏறி, பெருநிலத்தில் பத்து காவானில் இறங்குகிறது. பத்து காவான் ஒரு காலத்தில் தோட்டம். இப்போது தொழிற்சாலைகளும் அடுக்குமாடிகளும். தமிழ்ப்பள்ளியின் பெயரில் மட்டும் தோட்டம் இன்னும் இருக்கிறது.

பினாங்குக்கு அடியில் பெரிய நிலநடுக்கப் பிளவு கிடையாது. ஆனால் சுமத்ராவில் அதிர்ந்தால் இங்கே அடுக்குமாடி ஆடும். 2004 டிசம்பர் 26-ல் அலையும் வந்தது. அதனால் இரண்டாவது பாலத்தின் தளத்துக்கும் தூண்களுக்கும் நடுவில் தாங்கு மெத்தைகள் வைத்தார்கள். இயற்கை ரப்பரில் செய்தவை. நிலம் ஆடினால் ரப்பர் பக்கவாட்டில் நெளிந்து கொடுத்து, ஆட்டத்தின் ஆற்றலைச் சூடாக்கித் தின்றுவிடும். இந்த வகை ரப்பரை உருவாக்கியவர்கள் வேறு யாருமல்ல, வெல்வினில் தொடங்கிய அதே ஆராய்ச்சிக் கழகத்தின் வாரிசுகள். 1970-களில் ஹெர்ட்ஃபோர்ட் பக்கம் இடம் மாறி, இன்று துன் அப்துல் ரசாக் பெயரில் மலேசிய ரப்பர் வாரியத்தின் கீழ் இருக்கிறது அது. முதல் பினாங்கு பாலம் திறந்த அதே 1985-ல் கலிஃபோர்னியாவில் ஒரு நீதிமன்றக் கட்டடத்துக்கு அடியில் அவர்களுடைய மெத்தைகள் போயின.

மெத்தை என்றதும் முழு ரப்பர் என்று நினைக்க வேண்டாம். ஒரு அடுக்கு ரப்பர், ஒரு அடுக்கு எஃகுத் தகடு, மறுபடி ரப்பர், மறுபடி எஃகு. கேக் லாப்பிஸ் மாதிரி. பாலத்தின் கனம் மேலிருந்து அழுத்தும்போது ரப்பர் பக்கவாட்டில் பிதுங்கப் பார்க்கும். ஒட்டியிருக்கும் தகடுகள் அதை விடாமல் பிடித்துக்கொள்ளும். அப்படிப் பிடித்துக்கொள்வதால் எல்லாத் திசையிலும் இழுபடுவது அந்த எஃகுத் தகடுகள்தான்.

பாலத்தில் ஒரு லாரி ஏறும்போதெல்லாம் உள்ளே அந்தத் தகடுகள் ஒரு டிகிரியின் மிகச் சின்னப் பங்கு குளிர்ந்து, லாரி கடந்ததும் மீள்கின்றன.  ஜூலின் கால்வனாமீட்டரை வைத்தாலும் ஊசி ஆடுமா என்பது சந்தேகம்தான்.